வார் பொய் சொல்லாது

தோலைச் சாமிக்கு முன்னால் வைக்கலாமா கூடாதா என்ற சண்டை, எங்கள் பக்கத்து வீட்டில் ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் தவறாமல் நடக்கும். நாங்கள் வேதக்காரர்கள். எங்களுக்கு அந்தப் பூஜை கிடையாது. ஆனாலும் சண்டை முடிந்த பிறகுதான் பொரியும் சுண்டலும் எங்கள் வீட்டுக்கு வரும் என்பதால், யார் பக்கம் ஜெயிக்கிறது என்று அடுப்படி ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

“துப்பாக்கிய வையுங்க, நான் வேண்டாங்கல. அது இரும்பு. இது செத்த மாட்டுத் தோலுங்க. சாமி இருக்கற எடத்துல கொண்டாந்து வெச்சா அடுக்குமா?” என்பார் அந்த வீட்டு அக்கா.

“கோயில்ல மேளம் அடிக்கறாங்களே, அதென்ன வாழமட்டையிலயா கட்டியிருக்குது?” என்பார் அக்காவின் வீட்டுக்காரர்.

“அப்பச் சரி, நீங்களும் அதை அடிங்க. சத்தம் வந்துச்சுன்னா உள்ள வெக்கலாம்.”

ஒவ்வொரு வருஷமும் ஒரே தீர்ப்புதான். துப்பாக்கி எங்கள் மலைச்சாமி சேர்வராயன் படத்துக்குக் கீழே, ஒரு சந்தனப் பொட்டோடு இருக்கும். தோல்வார் நிலைப்படிக்கு வெளியே ஒரு மணையில், மூன்று பொட்டோடு இருக்கும். சூடத்தை உள்ளே காட்டிவிட்டு, அக்கா திரும்பிய நேரம் பார்த்து, அவர் வெளியே வந்து வாருக்கும் ஒரு சுற்றுக் காட்டுவார். எனக்குச் சிரிப்பு வரும். கூடவே கொஞ்சம் பயமாகவும் இருக்கும். மனுஷன் நெஞ்சில் கடவுளுக்கென்று ஒரு நாற்காலி போட்டிருக்கிறது. அதில் ஒரு தோல் துண்டு போய் உட்கார்ந்துகொண்டதே என்று நினைப்பேன்.

அவர் பட்டாளத்தில் இருந்து வந்தவர். தலைச்சோலைப் பக்கம் கொஞ்சம் காப்பித் தோட்டமும், எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டி ஒரு வீடும் வாங்கினார். இப்போது அந்த வீட்டில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அவரும் அக்காவும் கோயமுத்தூருக்கு மகள் வீட்டோடு போய்விட்டார்கள். எங்கள் ஏற்காட்டில் பட்டாளத்துக்காரர்களுக்குப் பஞ்சம் இல்லை. ஒருவர் சண்டையைப் பற்றிப் பேசுவார், ஒருவர் கேண்டீன் சரக்கைப் பற்றிப் பேசுவார். இவர் வாரைப் பற்றிப் பேசுவார். அதனால் இவருக்கு வார்க்காரர் என்றே பேராகிவிட்டது. தபால்காரர்கூட அப்படித்தான் கேட்டு வருவார்.

வார் என்றால் இடுப்பில் கட்டுவது அல்ல. துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொள்ள ஒரு தோல் பட்டை இருக்குமே, அதுதான். ஆனால் தோளில் மாட்டுவதற்கு அது என்று யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. அவர் கணக்கில் அது குறி பார்ப்பதற்கானது. குப்புறப் படுத்து, இடது முழங்கையைத் தரையில் ஊன்ற வேண்டும். வாரின் ஒரு முனை துப்பாக்கியின் முன்பக்க வளையத்தில் இருக்கும். மறு முனையை வட்டமாக்கி மேல்கையில் ஏற்றி, பித்தளைக் கொக்கியை ஓட்டையில் மாட்ட வேண்டும். அப்புறம் துப்பாக்கியைக் கை தாங்கவே வேண்டாம், வார் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இதை அவர் எனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்றால், சமையல் குறிப்பு கேட்டால்கூட எனக்கு இதுதான் முதலில் வாயில் வரும்.

“கை பொய் சொல்லும் அம்மிணி. கண்ணு பொய் சொல்லும். வாரு பொய் சொல்லாது” என்பார். முடிவுரை எப்போதும் இதுதான்.

மழைக்காலத்தில் எங்கள் ஊரில் செருப்பு, பெல்ட்டு, பெட்டி எல்லாம் பச்சையாகப் பூஞ்சணம் பிடிக்கும். அவர் செருப்பும் பிடித்துத்தான் கிடக்கும், அதை அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். வாரை மட்டும் விடிந்ததும் எடுத்து, பழைய பனியன் துணியால் துடைத்து, விளக்கெண்ணெய் தடவி, அடுப்புக்கு எதிரே கொடியில் போடுவார். அடுப்புக்குக் கிட்டப் போனால் வெடித்துவிடும், தள்ளிப் போனால் காயாது. அதனால் கொடி எந்த இடத்தில் இருக்கிறதோ அதற்குத் தக்கபடி அக்கா சமைக்க வேண்டும்.

“நான் வாக்கப்பட்டு வந்து இத்தன வருசத்துல எந்தலைக்கு ஒரு சொட்டு எண்ணெ வெச்சுவுட்டது கெடையாது கண்ணு” என்று அக்கா என்னிடம் சொல்வார். “மாட்டுக்கு வெக்கறாரு. அதுவும் செத்த மாட்டுக்கு.”

வாரால் ஆகாத காரியம் இல்லை என்பது அவர் விசுவாசம். என் வீட்டுக்காரர் பக்கத்து எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். ஒரு தடவை மிளகு பறிக்க மரத்தில் ஏணி சாத்தி, அது ஆடுகிறது என்று பயந்து நின்றார். வார்க்காரர் சுவரேறிக் குதித்து வந்து, வாரின் வட்டத்தை அவர் கையில் ஏற்றி, மறு முனையை ஏணிக் காலில் கோத்துவிட்டார். ஏணி ஆடவில்லை என்பது உண்மை. ஆனால் என் வீட்டுக்காரரால் அந்தக் கையை எடுக்கவும் முடியவில்லை. ஒரு கையால் பறித்ததில் பொழுது சாய்ந்துவிட்டது.

எங்கள் மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புது நன்மை அன்று மாதா கோயில் வாசலில் குடும்பத்தோடு போட்டோ எடுத்ததும் அவர்தான். செல்போனையும் வார் முனையையும் சேர்த்துப் பிடித்து, வட்டத்தைக் கையில் மாட்டி, ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்துவிட்டார்.

“எல்லாரும் மூச்ச உள்ள இழுங்க. பாதிய வுடுங்க. மீதிய வெச்சுக்கங்க. நான் சொல்ற வரைக்கும் வெச்சுக்கங்க.”

“ஏனுங்ணா, எடுத்தாச்சுங்களா?” என்று என் வீட்டுக்காரர் வாயை அசைக்காமல் கேட்டார்.

“பேசாதீங்க. காத்து அடிக்குது.”

போட்டோ கண்ணாடி மாதிரி வந்தது. அத்தனை பேர் முகமும் நியாயத்தீர்ப்பு நாளில் வரிசையில் நிற்கிற மாதிரி இருந்தது. பாதரே அதைப் பார்த்துவிட்டு, “யாராவது இறந்துட்டாங்களாம்மா?” என்று கேட்டார்.

மாதத்தில் ஓரிரு ஞாயிறு அவர் சுடுவதற்குக் கீழே போவார். கீழே என்றால் எங்களுக்குச் சேலம். அங்கே ஒரு துப்பாக்கிக் கழகத்தில் சேர்ந்திருந்தார். பஸ்ஸில் துப்பாக்கி போர்வையில் சுற்றி லக்கேஜ் கம்பியில் கிடக்கும். வார் மட்டும் சட்டைக்குள், வயிற்றோடு இருக்கும். மலைப்பனியில் ஊறிய தோல் கீழே வெயில் பட்டதும் சுருங்கிவிடுமாம். கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டுவதற்குள் அதை உடம்புச் சூட்டில் பழக்க வேண்டுமாம். பிறந்த பிள்ளையை ஆஸ்பத்திரியில் இருந்து கொண்டுவருகிறவர்கள்கூட அவ்வளவு பதனம் பார்ப்பதில்லை.

அந்தக் கழகத்தில் இளவட்டங்கள் எல்லாம் நைலான் வாரோடு வருவார்கள். நனையாது, நீளாது, ஒரு திருகு திருகினால் அளவு சரியாகிவிடும். அதில் ஒருவன் நல்ல மனதோடு, “சார், நீங்களும் இதுக்கு மாறிக்கங்க. எண்ணெயே போட வேண்டாம்” என்று சொல்லியிருக்கிறான்.

“பல்லுங்கூடத்தான் கழட்டி மாட்டற மாதிரி வந்திருக்குது தம்பி. அதுக்காக இருக்கற பல்லப் புடுங்கிக்கறதா?” என்று கேட்டுவிட்டு வந்தாராம். இதை எங்களிடம் வெற்றியாகச் சொன்னார். அன்றைக்கு யார் மார்க்கு அதிகம் என்று அக்கா கேட்டார். அவருக்கு அந்தக் கேள்வி காதில் விழவில்லை.

சிரித்துக்கொண்டே சொல்கிறேன். ஆனால் ஓர் ஐப்பசியில் நடந்தது சிரிக்கிற விஷயம் இல்லை.

பொங்கல் கழிந்து மூத்தவர்களுக்கான போட்டி இருந்தது. அதற்காக அவர் தினமும் காலையில் வீட்டு ஹாலில் பாய் விரித்து, குண்டு போடாமல் குறி மட்டும் பார்த்துப் பழகுவார். ஒருநாள் நான் துணி காயப்போடும்போது சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து கூப்பிட்டார். முகம் வாடியிருந்தது.

“அம்மிணி, வாரு என்னமோ பண்ணுதுங்க.”

“என்னங்ணா பண்ணுது?”

“துப்பாக்கி நுனியில குறி பாக்கற முள்ளு இருக்குதுல்ல, அது எப்பவும் துளியூண்டு ஆடும். நாடி வாருல ஏறித் துப்பாக்கிக்குப் போயிரும். எல்லாருக்கும் அப்படித்தான். டக்கு, டக்குன்னு கடியாரமாட்ட ஆடும். இப்ப ரெண்டு தட்டு தட்டுது. ஒண்ண முழுங்கிருது. அப்பறம் ஒரே தூக்காத் தூக்குது. தோலு கெட்டுப்போச்சு.”

எனக்குக் கையில் இருந்த ஈரத்துணி கனத்தது. நாடி வாரில் ஏறும் என்று அவரே சொல்கிறார். நாடி முழுங்குகிறது என்று அவரே சொல்கிறார். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் அவருக்கு மனம் வரவில்லை.

“அண்ணா, அது வாரு இல்லீங்க. கீழ போயி ஒரு நல்ல டாக்டர்கிட்டக் காட்டிருங்க” என்றேன்.

“சேலத்துல தோல் டாக்டர் இருக்கறாருங்க. அவரு மனுசத் தோலத்தான் பாப்பாரு” என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவர் குற்றவாளியைத் தேட ஆரம்பித்தார். முதலில் விளக்கெண்ணெய் மாட்டியது. கடைக்காரன் கலப்படம் பண்ணிவிட்டான். எண்ணெயை மாற்றினார், முள் முழுங்கியது. அப்புறம் பனி. வாரைக் காப்பி காயப்போடும் களத்தில் கொட்டைகளோடு சேர்த்துக் காயவைத்தார், வேலைக்கு வந்த பெண்கள் அதைப் பாம்பென்று கத்தினார்கள். முள் முழுங்கியது. பிறகு பக்கத்து எஸ்டேட்டில் காப்பிப் பழம் உரிக்கிற மெஷின். அதன் அதிர்வு தரை வழியாக வந்து முழங்கையில் ஏறுகிறது என்று, என் வீட்டுக்காரரிடம் மெஷினைக் காலையில் நிறுத்தச் சொல்லிச் சண்டை. மெஷின் ஒருநாள் ரிப்பேராகி நின்றது. அன்றைக்கும் முழுங்கியது.

கடைசியில் கீழே போய்ப் புதுத்தோல் வாங்கி, புது வார் தைத்துக்கொண்டு வந்தார். மறுநாள் காலையில் சுவரோரம் நின்றார்.

“புதுசும் முழுங்குது அம்மிணி.”

“இப்பவாச்சும் தெரிஞ்சுதுங்களா?”

“தெரிஞ்சுது. ரெண்டு தோலும் ஒரே மாட்டுலருந்து வந்திருக்கோணும்.”

இந்த மனிதரிடம் என்ன பேசுவது? ஆண்டவர் கண்ணைக் கொடுத்திருக்கிறார். கண் துப்பாக்கி முள்ளைப் பார்க்கிறது. முள் துடிப்பைக் காட்டுகிறது. அதற்குப் பிறகும் அவர் மாட்டைத்தான் குற்றம் சொல்கிறார்.

போகும்போது தயங்கி நின்று சொன்னார். “ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போவீங்கல்ல. உங்க மாதாகிட்ட வாருக்காக ஒரு வார்த்த சொல்லுங்க. எங்க சாமிக்குத் தோலுன்னா ஊட்டுல ஒத்துக்க மாட்டேங்கறா.”

நானும் முழங்காலில் நின்றேன். வாருக்காக ஜெபிக்க எனக்கு வாய் வரவில்லை. ஆளுக்காக ஒரு ஜெபமாலை சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த வாரமே தோட்டத்தில் அவர் விழுந்தார். விழுந்தார் என்றுகூடச் சொல்ல முடியாது. காப்பிச் செடிக்குப் பக்கத்தில் நின்றவர், யாரோ தோளை அமுக்கினாற்போல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முகம் சாம்பல் நிறம். அக்கா தண்ணீர் தெளித்துக் கத்தியதும் கண்ணைத் திறந்து, “காலைல சாப்புடல, அதான்” என்றார். காலையில் ஏழு இட்லி சாப்பிட்டிருந்தார். சுட்டுப் போட்டவர் அக்கா, அவருக்கா தெரியாது?

அன்று அக்கா என் அடுப்படியில் உட்கார்ந்து அழுதார். நான் காப்பி போட்டுக் கொடுத்தேன். கையில் பிடித்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

“ஆஸ்பத்திரிக்குப் போலாம்னா, போட்டி முடியட்டுங்கறாரு. பொங்கலுக்கு இன்னும் எத்தன நாளு கெடக்குது கண்ணு! அது வரைக்கும் தாங்குமா? இவரு செத்தாலும், வாரு மேல கேஸு போடுன்னு எழுதி வெச்சுட்டுத்தான் சாவாரு.”

“அவரு யாரு சொன்னாலும் கேக்க மாட்டாருங்க்கா. வாரு சொன்னாத்தான் கேப்பாரு” என்றேன். வாய் தவறி வந்த பேச்சுதான். அக்கா காப்பியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

மறுநாள் காலை, அவர் பாய் விரித்துக்கொண்டிருக்கும்போது அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு ஹாலுக்குள் போனார்.

“ஏனுங்க, வாரு பொய் சொல்லாதுன்னு சொல்லுவீங்கல்ல?”

“ஆமா.”

“எங்கையில கட்டுங்க.”

“உங்கையிலயா? எதுக்கு?”

“ஏன், எனக்கெல்லாம் நாடி கெடையாதுங்களா?”

அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். வாரை இன்னொரு கையில் கட்டிப் பார்க்கலாம் என்ற யோசனை அவர் மனதைத் தொட்டுவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. நோயைப் பற்றிச் சொன்னால் ஏறாது. வாரைச் சோதிக்கலாம் என்றால் மனிதர் உடனே தயார்.

துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று திறந்து எங்கள் இருவருக்கும் காட்டினார். அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பாயில் குப்புறப் படுத்தார். பேரன் பேத்தி எடுத்தவர். முழங்கை எலும்பு தரையில் குத்தியதும், “ஐயோ, பட்டாளத்துல தலகாணி குடுக்க மாட்டாங்களா?” என்றார். அவர் பழைய வாரை அக்கா மேல்கையில் ஏற்றி, ஓட்டை மாற்றிக் கொக்கியை மாட்டினார். துப்பாக்கி நுனிக்கு எதிரே வெள்ளைச் சுவரில் கரியால் ஒரு கோடு போட்டார். பிறகு தானும் தரையில் ஒருக்களித்துப் படுத்து, முள்ளையும் கோட்டையும் பார்த்தார்.

“மூச்ச இழு. பாதிய வுடு. மீதிய வெச்சுக்க.”

“உங்ககூடக் குடும்பம் நடத்தறதே அப்படித்தான்” என்றார் அக்கா.

“பேசாத.”

பேச்சு நின்றது. துப்பாக்கி நுனி கரிக்கோட்டுக்கு எதிரே மெல்ல அசைந்தது. நானும் குனிந்து பார்த்தேன். டக்கு, டக்கு, டக்கு. ஒன்றுகூடத் தப்பவில்லை. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அவ்வளவு நேரம் பார்க்க வேண்டியது இல்லை. ஆனாலும் பார்த்தார்.

“உனக்கு எப்பவும் இப்படித்தான் அடிக்குமா?” என்றார். குரல் வேறு மாதிரி இருந்தது.

“நீங்க எப்பக் கேட்டீங்க?”

அடுத்து என் முறை. நான் அக்காவைவிடக் கனத்த உடம்பு. படுப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. துப்பாக்கியைத் தொட்டதே இல்லையா, மனதுக்குள் மாதாவே மாதாவே என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

“அம்மிணிக்கு ஓட்டமா ஓடுது” என்று கீழே இருந்து சொன்னார். “ஆனா ஒழுங்கா ஓடுது.”

பிறகு அவர் படுத்தார். அதே வார், அதே துப்பாக்கி, அதே பாய். பக்கத்து எஸ்டேட்டு மெஷினும் அதே மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை நுனியைப் பார்த்தவர் அக்கா. தரையில் கன்னம் படப் படுத்துக்கொண்டு, முள்ளையே பார்த்துச் சொன்னார்.

“ஒண்ணு. ரெண்டு. இப்ப நின்னு போச்சுங்க. இன்னும் வரல. இன்னும் வரலீங்க. தூக்கிருச்சு.”

சொல்லிவிட்டு அக்கா சேலைத் தலைப்பை வாயில் அமுக்கிக்கொண்டார்.

அவர் எழுந்து உட்கார்ந்தார். கொக்கியைக் கழற்றினார். வாரை மடியில் போட்டுக்கொண்டு விரலால் நீவினார். சரி, இப்போதாவது மனிதருக்குப் பயம் வந்தது, இனி அழுவார், ஆறுதல் சொல்ல வேண்டும் என்று நான் நினைத்தேன். அவர் நிமிர்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“அப்ப வாரு மேல தப்பில்லே!”

தன் நெஞ்சு பழுது என்று தெரிந்து இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை நான் பார்த்ததில்லை. வாரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “பாவம், களத்துல போட்டு வெயில்ல வாட்டிட்டேன்” என்றார். அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தவர்போல, “சரி, ரைட்டர் கிட்டச் சொல்லி ஜீப்ப வரச்சொல்லுங்க அம்மிணி” என்றார்.

நானும் கூடப் போனேன். சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. நெஞ்சில் ஒயர் ஒட்டிப் படம் எடுத்தார்கள். டாக்டர் சின்ன வயசு, பொறுமையானவர். நீளக் காகிதத்தில் கோடு எங்கே எங்கே நின்றுபோகிறது என்று விரலால் காட்டினார். இவர் எட்டிப் பார்த்துவிட்டு, “இதைத்தானுங்க ஐப்பசியிலருந்து வாரு சொல்லிட்டிருந்துச்சு” என்றார்.

“யாரு சொன்னாங்க?”

“வாருங்க.”

டாக்டர் அக்கா பக்கம் திரும்பி, மெதுவாக, “மயக்கம் வந்தப்போ தலையில அடி ஏதாவது பட்டுச்சாம்மா?” என்று கேட்டார்.

“இல்லீங்க சாமி. அடிபடறதுக்கு முன்னாலருந்தே இப்படித்தான்” என்றார் அக்கா.

டாக்டர் விஷயத்தைச் சொன்னார். துடிப்பு நடுவில் நின்று நின்று வருகிறது. ஒரு தடவை நின்றது திரும்ப வராமலே போகலாம். கழுத்தெலும்புக்குக் கீழே தோலுக்குள் ஒரு சின்னக் கருவி வைத்து, அதிலிருந்து ஒயரை இருதயத்துக்கு விட வேண்டும். நிற்கிற நேரம் அது தட்டிக் கொடுக்கும். வழக்கமாக இடது பக்கம் வைப்பார்கள்.

“இடது பக்கமுங்களா? இடது கையிலதான் வாரு இருக்குது.”

டாக்டருக்கு எல்லாவற்றையும் முதலில் இருந்து விளக்கினார். படுத்துக் காட்டப் போனவரை அக்கா பிடித்து உட்காரவைத்தார். டாக்டர் கேட்டுவிட்டு, அப்படி இழுத்துக் கட்டினால் ஒயர் விலகும், கட்டவே கூடாது என்றார். வலது பக்கமும் வைக்கலாம். ஆனால் அங்கே துப்பாக்கிக் கட்டையை அழுத்தக் கூடாது.

“நெஞ்சுல ரெண்டே பக்கந்தானுங்க இருக்குது” என்றார் இவர். சிரிப்பு போய்விட்டது. “ஊட்டுக்குப் போயி யோசிச்சுச் சொல்றனுங்க” என்று எழுந்தார்.

ஊருக்குப் போனால் அவர் திரும்பி வர மாட்டார். பொங்கல் வரைக்கும் யோசிப்பார். அதற்குள் யோசிக்க ஆள் இருக்கிறாரோ இல்லையோ. எனக்கு அது தெரிந்தது. டாக்டருக்கும் தெரிந்தது. அக்காவுக்கு எங்கள் எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்தது. அழவில்லை, கெஞ்சவில்லை. அவர் சட்டைக்குள் கையை விட்டு, வயிற்றோடு இருந்த வாரை உருவி எடுத்தார்.

“போலாம் வாங்க. நீங்க போன மறுநாளே இதை நம்ம எரும கழுத்துல கட்டறேன். கன்னு போட்ட எரும, நல்லா முட்டி இழுக்கும்.”

அவர் அக்காவையே பார்த்தார். செய்யக்கூடியவர்தான் என்று அவருக்குத் தெரியும். பட்டாளத்தில் எத்தனையோ பார்த்த மனிதர், அந்த எருமைக்கு முன்னால் ஆடிப்போய்விட்டார். நாற்காலியில் திரும்ப உட்கார்ந்தார்.

“எந்தப் பக்கம்னு சொல்லுங்கய்யா” என்றார் டாக்டர்.

நான் வெளியே வராந்தாவுக்கு வந்து ஜெபமாலையை எடுத்துக்கொண்டேன். அதில் பத்து மணிகளை உருட்டி முடிப்பதற்குள் அக்கா கதவைத் திறந்து வந்தார். கண்ணில் தண்ணீர், ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார்.

“வலது பக்கம் வெக்கச் சொல்லிட்டாரு கண்ணு.”

எனக்கு உடனே புரியவில்லை. அக்கா சொன்னார்: “துப்பாக்கிய வுட்டுட்டாரு. வாரு கட்டற கைய வுட மாட்டேனுட்டாரு. டாக்டரு கேக்கறாரு, ஏனுங்கய்யா துப்பாக்கியே தொடக் கூடாதுன்னா அப்பறம் வாரு எதுக்குங்கன்னு. அதெல்லாம் உங்களுக்கு வெளங்காதுங்கன்னுட்டாரு.”

நல்லபடியாக முடிந்தது. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். காயம் ஆறுகிற வரை கொஞ்ச நாள் கையைத் தூக்காமல், சொன்னதைக் கேட்டு இருந்தார். போட்டி வந்தது, போனது. துப்பாக்கியைச் சட்டப்படி கழகத்தில் ஒருவருக்கு விற்றுவிட்டார். வாங்கியவர் வாரையும் சேர்த்துக் கேட்டாராம். நைலான்தான் நல்லது, அதையே வாங்கிக்கொள்ளுங்கள் என்று இவர் வாயாலேயே சொல்லி அனுப்பினார்.

மாசி மாதம் ஒரு காலை, கீரை கொடுக்க நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஹாலில் பாய் விரித்திருந்தது. அவர் குப்புறப் படுத்திருந்தார். வாரின் ஒரு முனை ஜன்னல் கம்பியில் கோத்திருந்தது, மறு முனை அவர் மேல்கையில். கையில் துப்பாக்கி இல்லை. கட்டைவிரலை நட்டமாக வைத்துக்கொண்டு, எதிர்ச் சுவரில் ஓர் ஆணியைக் குறி பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா வீடு கூட்டிக்கொண்டு வந்தவர், அவரைத் தாண்டாமல் விளக்குமாற்றோடு நின்றார்.

“ஆடுதுங்களா?” என்று கேட்டார்.

அவர் பாதி மூச்சை விட்டுவிட்டு, மீதியை வைத்துக்கொண்டு பார்த்தார்.

“ஆடுது. ஆனா ஒரே சீரா ஆடுது.”